நனைந்த மூட்டை மேலே

இரண்டு வருடத்துக்கு முந்தைய தை மாதம். எம்.ரெட்டியபட்டியில் நானும் என் தோழியும் வாடகைக்குப் பிடித்திருந்த தகரக் கொட்டகையில்தான் இது ஆரம்பித்தது.

கல்லூரியில் இருவரும் ஒரே பெஞ்ச். நான் அருப்புக்கோட்டை நெசவுக் குடும்பம். அவள் அதே ஊர் முஸ்லிம் வீட்டுப் பெண். இந்தப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் விளையும் குதிரைவாலியை, விளைவிக்கிற சம்சாரிகளிடம் நேரடியாக வாங்கி மில்லுக்குக் கொடுக்கலாம் என்ற யோசனை என்னுடையது. போட்ட முதல் அவளுடையது. கல்யாணத்தில் மாப்பிள்ளை அவளுக்குக் கொடுத்த மஹர் பணம். அவர்கள் மார்க்கத்தில் அது பெண்ணுக்கே சொந்தம், புருஷன்கூடக் கேட்க முடியாது.

அந்தப் பருவத் தொடக்கத்தில் நான் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, மாதாமாதம் இவ்வளவு சதவீதம் தருகிறேன் என்று ஆரம்பித்தேன். அவள் லேப்டாப்பை மூடிவிட்டாள்.

"வட்டி வாடையே வேணாம்டி. லாபம் வந்தா ஆளுக்குப் பாதி. நட்டம் வந்தா பணம் போனது எனக்கு, பாடு போனது உனக்கு."

இவளுக்கு வியாபாரமே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படியே பேசி முடித்தோம்.

அந்தத் தையில்தான் யாரும் எதிர்பாராத மழை. கொட்டகையின் ஒரு மூலையில் தகரம் ஒழுகி, சுவரோரம் அடுக்கியிருந்த மூட்டைகள் நனைந்துவிட்டன. வெயில் வந்ததும் வெளியே இழுத்துப் போட்டோம். சாக்கு காய்ந்தது. உள்ளே கையை விட்டால் தானியம் வெதுவெதுவென்று சுட்டது. விட்டால் பூசணம் பிடித்துவிடும். காரியாபட்டிப் பக்கத்து மில்லில் முழு லோடு என்று பேசியிருந்தோம். லோடு குறைந்தால் விலையும் குறையும்.

லாரி டிரைவர் அண்ணனுக்கு இதெல்லாம் பழக்கம். "நனைஞ்சத அடியில போட்டு, காஞ்சத மேல ஏத்திருவோம் தங்கச்சி. ஊர்ல எல்லாரும் செய்றதுதான்."

சரி என்றேன். எங்கள் வீட்டில் சேலையில் இழை விட்டுப்போன இடம் இருந்தால் அது உள்மடிப்புக்குள் போய்விடும். சின்ன வயதிலிருந்து அப்படி மடித்துப் பழகிய கை எனக்கு. தோழியின் மஹர் தப்பித்தால் போதும், வேறெதுவும் மனதில் இல்லை.

லோடு ஏறி முடிகிற நேரத்தில் அவள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். நனைந்த மூட்டைகள் எங்கே என்று கேட்டாள். நான் லாரியின் அடிப்பக்கத்தைக் காட்டினேன்.

"எல்லாத்தையும் இறக்குங்கண்ணே. நனைஞ்சதுதான் மேல வரணும்."

"பைத்தியமாடி உனக்கு? உன் மஹரு அது!"

"அதனாலதான் சொல்றேன்."

நபிகள் நாயகம் ஒருமுறை சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதாம். வாங்குகிறவர் கண்ணில் படும்படி இதை ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியைக் கேட்டார்களாம். சின்ன வயதில் மதரஸாவில் அவள் கேட்டதாம். "அதக் கேட்டு வளந்துட்டு எப்படிடி இத அடியில போடுவேன்? வேணும்னா மில்லுக்காரவுக பாத்து எடுக்கட்டும், வேணாம்னா போகட்டும்" என்று சொல்லிவிட்டு, புர்காவைச் சுருட்டிச் செருகிக்கொண்டு அவளே மூட்டைக்குக் கை கொடுக்கப் போய்விட்டாள்.

"நல்லா யாவாரம் பண்ணுவீக, போங்க" என்றபடி டிரைவர் அண்ணன் மறுபடி இறக்க ஆரம்பித்தார்.

நல்லது செய்தால் நல்லது நடக்கும் என்று நானும் ஒரு நப்பாசையோடுதான் லாரியில் ஏறினேன். மில்லில் நடந்தது வேறு. மூட்டையைக் குத்தி மாதிரி பார்க்கும் குத்தூசியோடு மில்காரர் வந்தார். மேல் மூட்டையில் குத்தி, உள்ளங்கையில் கொட்டி, முகர்ந்து பார்த்தார்.

"இது நனைஞ்சது அண்ணாச்சி. நாங்களே சொல்லிருதோம். அடியில இருக்கது எல்லாம் காஞ்சது" என்றாள் தோழி.

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, எத்தன லோடு பாத்திருக்கேன். நனைஞ்சத உச்சியில வச்சுக் கொண்டாந்தவக நீங்கதான். உச்சியிலயே இந்தக் கோலம்னா, அடியில என்னத்த ஒளிச்சு வச்சிருக்கீக?"

உண்மையைச் சொன்னதே எங்களுக்கு வினையாகிவிட்டது. மொத்த லோடையும் இறக்கச் சொல்லி, ஒவ்வொரு மூட்டையாகக் குத்திப் பார்த்தார். அடியில் இருந்தது காய்ந்த சரக்கு என்று அவருக்கே தெரிந்த பிறகும், ஈரத்தோடு வந்த லோடு என்று விலையை இறக்கினார். நனைந்ததைத் தொடவே இல்லை. பாராட்டி ஒரு வார்த்தை கிடையாது. அவள் வாக்குவாதம் செய்யாமல் அந்த விலைக்குச் சரி என்றாள்.

திரும்பி வரும்போது பின்னால் நனைந்த மூட்டைகள், முன்னால் நாங்கள். அருப்புக்கோட்டை நெருங்கும்போது, நட்டத்தில் பாதியை நான் தருகிறேன் என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்ப நான் போட்டது முதல் இல்ல, உனக்குக் குடுத்த கடனாயிரும். ஒரு பருவம் பூராம் காடு காடா வெயில்ல அலைஞ்சியே, அத உனக்கு யாரு திருப்பித் தருவா? எனக்குப் பணம் போச்சு, உனக்குப் பாடு போச்சு. பேசுனது பேசுனதுதான்."

சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. முகத்தைத் திருப்பவில்லை, துடைக்கவும் இல்லை. அத்தனை நாளும் அந்தப் பங்குப் பேச்சை அவள் எனக்குக் காட்டிய இரக்கம் என்றே நினைத்திருந்தேன். என் வெயிலையும் தன் மஹரையும் ஒரே தட்டில் வைத்துத்தான் அவள் பேசியிருந்தாள் என்பது அந்த லாரியில்தான் எனக்குப் புரிந்தது.

மிஞ்சிய முதலில் இன்னும் சேர்ந்துதான் தொழில் செய்கிறோம், சின்ன அளவில். குறையுள்ள மூட்டை இருந்தால் அதுதான் லோடின் உச்சிக்குப் போகும். ஒவ்வொரு முறையும் உள்மடிப்பு பழகிய என் கை கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது. காரியாபட்டி ரோட்டில் துடைக்காமல் விட்ட அந்த முகம் நினைவுக்கு வந்த பிறகுதான், அந்த மூட்டையை மேலே தூக்குகிற பலம் எனக்கு வருகிறது.