வெள்ளைக் காற்சட்டையும் கால் தசைப்பிடிப்பும்

1. இரண்டு விரலால் பிடித்த துணி

"இது யாருடையது?"

அணி மனேஜர் எங்கள் லோன்றிக்குள் வந்து முதலில் கேட்டது இதுதான். பொன்ஜூர் இல்லை, ஹலோ இல்லை. ஒரு வெள்ளைக் காற்சட்டையை இரண்டு விரல் நுனியால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். செத்த எலியைத் தூக்குகிறவர்கூட இதைவிடக் கிட்டப் பிடிப்பார்.

மொன்றியல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு ஹோட்டலில் துணி துவைக்கும் லோன்றிக்கு நான் பொறுப்பாக இருக்கிறேன். பெயர் மலர்விழி, எல்லோருக்கும் மலர். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்தேன். கறை எடுக்கும் விஷயமும் இதில் இருக்கிறது, ஆனால் அதைவிட என் கோபம்தான் கூட இருக்கிறது. கோபத்தை எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன், மிச்சம் ஒன்றும் இல்லை.

வந்திருந்தது ஒரு நாட்டின் பெண்கள் றக்பி தேசிய அணி. கனடா அணியோடு மூன்று டெஸ்ட் போட்டிகள், மூன்று சனிக்கிழமைகள், மூன்றும் மொன்றியலில். நாட்டின் பெயரை எழுத மாட்டேன். அந்தப் பிள்ளைகள் இன்னும் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள், என்னால் அவர்களுக்குத் தொல்லை வேண்டாம். மேலே கடும் நீலச் சட்டை, கீழே வெள்ளைக் காற்சட்டை. சேற்றில் விழுந்து புரளும் விளையாட்டுக்கு வெள்ளைக் காற்சட்டை என்று முடிவு செய்தவன் வாழ்நாளில் ஒரு துணி துவைத்திருக்க மாட்டான்.

விளையாட்டு அணிகளின் துணி எங்களிடம் வலைப்பையில் வரும். ஆளுக்கு ஒரு பை, பையில் ஆளின் இலக்கம். பையோடு போட்டுத் துவைத்து, பையோடு திருப்பிக் கொடுப்போம். காற்சட்டையில் இலக்கம் இருக்காது, எந்தப் பையிலிருந்து வந்தது என்பதை வைத்துத்தான் யாருடையது என்று தெரியும். முதல் டெஸ்ட் முடிந்த மறுநாள் வந்த பைகளில் ஒன்றை நான் திறந்தபோதே கவனித்தேன். மற்றவை எல்லாம் சேறும் புல்லுமாக இருந்தன. ஒரு காற்சட்டை மட்டும் ஈரமாக, பாதி கழுவியபடி இருந்தது. பின்பக்கம் மங்கலான மண்ணிறக் கறை.

புதியவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரத்தக் கறைக்குக் குளிர்தண்ணீர்தான். சுடுதண்ணீர் பட்டால் கறை நூலில் பிடித்துக்கொள்ளும், பிறகு என்சைம் போட்டு ஊறவைத்தாலும் நிழல் மாதிரி ஒன்று நின்றுவிடும். அந்தப் பிள்ளை யாரும் பார்க்கமுதல் அறையில் சுடுதண்ணீரில் கழுவியிருக்கிறாள். அவசரத்தில் கழுவியிருக்கிறாள், பயத்தில் கழுவியிருக்கிறாள். எனக்கு அது துணியைப் பார்த்ததும் விளங்கியது. பையிலிருந்து எடுத்துத் தனியாக ஊறவைத்தேன், நிழல் போகவில்லை, பையில்லாமலே மற்றவற்றோடு திருப்பி அனுப்பினேன்.

மனேஜரும் பிள்ளைகளும் ஆங்கிலத்தில் பேசியதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"ரீவியில போற உடுப்பு இது. இப்பிடிக் கறையோட திருப்பித் தந்திருக்கிறியள். எந்தப் பையில இருந்து வந்தது?"

"தெரியாது. எல்லாத்தையும் ஒண்டாத்தான் போட்டனான்."

"பைக்கு இலக்கம் இருக்குதானே?"

"பை கிழிஞ்சு போச்சு."

பை கிழியவில்லை. அந்த இலக்கம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சொல்லியிருந்தால் அவர் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு என்ன கேட்டிருப்பார் என்று அவருடைய இரண்டு விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது.

2. எந்த இரத்தம்

அன்று அதே மனேஜர் கையில் இன்னொரு துணியும் இருந்தது. அணித் தலைவியின் நீலச் சட்டை. முதல் டெஸ்டில் அவளுக்குப் புருவம் கிழிந்து, கழுத்துப்பட்டி முழுக்க இரத்தம். அதைத் துவைக்க வேண்டாமாம்.

"இதைத் தனியா எடுத்து வையுங்கோ. கண்ணாடி போட்டு எங்கட சங்கத்துச் சுவரில மாட்டப் போறம்" என்றார்.

அந்தச் சட்டையை இரண்டு கையாலும் தந்தார்.

நான் இத்தனை வருடத்தில் துவைக்காத இரத்தம் இல்லை. மூக்கு உடைந்தது, முழங்கால் தேய்ந்தது, சமையலறையில் விரல் வெட்டியது. மெசினுக்கு எல்லாம் ஒன்றுதான். புருவத்தால் வந்தால் சுவரில் மாட்டுகிறார்கள், மற்ற இடத்தால் வந்தால் யாருடையது என்று விசாரணை வைக்கிறார்கள். அன்று முழுக்க எனக்குள் கொதித்துக்கொண்டே இருந்தது. இப்போது எழுதும்போதும் ஆறவில்லை.

அவர் என்னிடம் பதில் கிடைக்காமல் போனவர், அடுத்த நாள் காலைச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார். தேசிய உடுப்பு என்பது மரியாதைக்குரியது, ஒவ்வொருவரும் "கவனமாக" இருக்க வேண்டும், கமெரா எல்லாப் பக்கமும் இருக்கிறது என்று. பரிமாறிக்கொண்டு நின்ற எங்கள் வேலையாட்கள் வந்து சொன்னார்கள். ஒருத்தரும் தலை நிமிரவில்லையாம்.

இரண்டாவது டெஸ்டுக்கு ஹோட்டல் வேலையாட்களுக்கும் டிக்கெட் கொடுத்தார்கள். எனக்கு றக்பி தெரியாது. ஆனால் ஒன்று தெரிந்தது. ஸ்க்ரம் என்று இரண்டு அணியும் குனிந்து முட்டுகிறார்கள், விழுகிறார்கள், எழும்புகிறார்கள். எங்கள் ஹோட்டலில் தங்கிய பிள்ளைகள் எழும்பும்போது ஒருத்தி பின்னால் தட்டிப் பார்க்கிறாள். ஒருத்தி கழுத்தைத் திருப்பித் தன் பின்பக்கத்தைப் பார்க்கிறாள். இன்னொருத்தி பக்கத்தில் நிற்பவளிடம் கண்ணால் கேட்கிறாள், அவள் தலையாட்டுகிறாள். பந்து அங்கால் போய்க்கொண்டிருக்கிறது. எதிரணிக்குக் கறுப்புக் காற்சட்டை. அவர்கள் எழும்பினார்கள், ஓடினார்கள்.

அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை. உட்கார்ந்த கதிரையால் எழும்பும் ஒவ்வொரு முறையும் நானும் அப்படித்தான் திரும்பிப் பார்த்தேன், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை போட்ட காலம் தொடக்கம்.

அந்த அணியின் முதல் வரிசையில் விளையாட வேண்டிய லூசி என்ற பிள்ளை அன்று விளையாடவில்லை. கால் தசைப்பிடிப்பாம். தொடையில் ஐஸ் பை கட்டி வெளியில் இருந்தாள். முதல் டெஸ்டில் நன்றாக விளையாடியவள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். கறை இருந்த பையின் இலக்கம் அவளுடையது.

3. தலையிடி

மறுநாள் லூசி கீழே லோன்றிக்கு வந்தாள். கால் தசைப்பிடிப்பு உள்ளவள் படிகளை இரண்டிரண்டாகப் பாய்ந்து இறங்கினாள். கையில் ஒரு சொக்லற் பெட்டி.

"நீங்கள் இலக்கம் சொல்லேல்லையாம்" என்றாள்.

"சொல்லுறதுக்கு ஒண்டும் இல்லை. உன்ர கால் எப்பிடி?"

அவள் மடித்து வைத்த துவாய் அடுக்கின்மேல் இருந்துவிட்டாள். பெரிய உடம்பு, பயில்வான் மாதிரித் தோள். அழும்போது அந்தத் தோள் குலுங்கியதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"காலுக்கு ஒண்டும் இல்லை. எனக்கு ஒழுங்கில்லை, எப்ப வரும் எப்ப நிக்கும் எண்டு தெரியாது. பாட் வைச்சு, உள்ளுக்கு இன்னொரு காற்சட்டையும் போட்டுத்தான் விளையாடினனான். அதுக்கும் மேலால வந்திட்டுது. அம்மாவும் அப்பாவும் வீட்டில ரீவியில பார்த்துக்கொண்டிருந்தவை. சாப்பாட்டு மேசையில அவர் அப்பிடிக் கதைச்ச பேந்து என்னால அந்த வெள்ளையைப் போட ஏலாது."

"கோச்சிட்டச் சொல்லலாமே?"

"என்னெண்டு சொல்ல? தசைப்பிடிப்பெண்டால் அனுதாபப்படுவினம்."

மூன்றாவது டெஸ்ட் முடிந்ததும் பெரிய போட்டிக்கான அணியைத் தெரிவு செய்கிறார்களாம். கால் சரியாகாவிட்டால் அவளுடைய இடத்துக்கு வேறு பிள்ளை. கோச் அப்படித்தான் சொல்லியிருந்தார். ஆறு வருடம் அதற்காகவே பயிற்சி எடுத்தவள், ஒரு துணியின் நிறத்துக்காக வெளியில் நிற்கப் போகிறாள்.

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. வந்தது எங்கள் எல்லோர் மேலும். என்னுடைய லோன்றியில் வேலை செய்யும் பெண்களுக்கு மாதம் ஒருமுறை தலையிடி. எனக்கும் இருபது வருடம் தலையிடிதான் இருந்தது. டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயில் கொடியேற்றத்துக்குப் போகாத வருடங்களில், ஏன் வரவில்லை என்று கேட்ட ஆட்களுக்கும் தலையிடி என்றேன். அதைக் கேட்ட பெண்களுக்கு விளங்கியது, கேட்ட ஆண்களுக்கும் விளங்கியது, எல்லோரும் தலையிடி என்றே ஏற்றுக்கொண்டோம். வீட்டில் துடக்கு, தீட்டு என்றார்கள், வேலையில் ஒன்றுமே சொல்லவில்லை. எங்களுக்குத் தலை, இவளுக்குத் தொடை. பெண்பிள்ளைகளின் உடம்பில் பொய் சொல்லாத இடம் எது என்று எனக்குக் கேட்க வேண்டும் போல இருந்தது.

லூசியிடம் நான் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. சொக்லற்றைப் பிரித்து இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

4. நீலம்

வெள்ளிக்கிழமை மத்தியானம் அணித் தலைவி ஒரு பெரிய கூடையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். புருவத்தில் தையல் இன்னும் இருந்தது. கூடைக்குள் கடும் நீலப் பயிற்சிக் காற்சட்டைகள், கிழமை முழுக்கப் போட்டுப் புரண்டவை, சேறு காய்ந்து மட்டை மாதிரி நின்றன.

"நாளைக்கு நாங்கள் எல்லாரும் இதைத்தான் போடப் போறம். துவைச்சு அயன் பண்ணித் தருவியளே?"

"மனேஜருக்குத் தெரியுமோ?"

"கேட்டம், ஏலாது எண்டார். ஆம்பிளையள் அணி காலங்காலமா வெள்ளைதானாம், அது பாரம்பரியமாம். இப்ப நாங்கள் கேக்கேல்லை, சொல்லிப்போட்டம். லூசியும் விளையாடுறாள்."

அவள் போய்ப் பத்து நிமிடத்தில் எங்கள் ஒப்பரேஷன்ஸ் மனேஜர் ராகவன் இறங்கி வந்தார். சென்னைக்காரர், படித்தவர், நல்ல மனுஷன். வயதில் என்னைவிட இளையவர் என்பதால் என்னை அக்கா என்பார். பதவியில் மேலே என்பதால் நான் சேர் என்பேன்.

"அக்கா, அந்த டீம் மேனேஜர் எனக்கு போன் பண்ணாரு. அவர் குடுக்கற துணிய மட்டும்தான் துவைக்கணுமாம். ப்ளூ எதுவும் லாண்டரிய விட்டு வெளிய போகக்கூடாதாம். நமக்கு ஏன்க்கா இந்த வம்பு?"

"சேர், அழுக்குத் துணி வந்திருக்கு. இது லோன்றி."

"கம்ப்ளெய்ன்ட் பண்ணுவாரு. அடுத்த டீம் நம்மகிட்ட வராது. உங்க பேருதான் அடிபடும்."

"என்ர பேர்தானே."

"நான் உங்கள துவைக்கச் சொல்லல."

"நீங்கள் சொல்லேல்லை. நான்தான் துவைக்கிறன்."

அவர் மேலே மீட்டிங் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. அப்படிப்பட்ட நல்ல மனுஷர்களால்தான் இந்த உலகம் இப்படியே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

காய்ந்த சேற்றை முதலில் உதறி, பிறகு குளிர்தண்ணீரில் ஒரு அலசல், அதற்குப் பிறகுதான் சவர்க்காரம். வேலையை மற்றப் பெண்களிடம் விடாமல் நானே செய்தேன், பழி வந்தால் என்னோடு நிற்கட்டும் என்று. வெள்ளைக் காற்சட்டைகளையும் துவைத்து, மடித்து, ஒன்றுகூடக் குறையாமல் பெட்டியில் வைத்தேன். என் வேலையில் பிழை பிடிக்க யாருக்கும் இடம் வைக்கவில்லை. அவற்றுக்கு மேலே நீலத்தை வைத்தேன்.

சனிக்கிழமை ஹோட்டல் துவாய்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் சாட்டில் மைதானத்துக்குப் போய், வாசலோரமாக நின்றேன். பிள்ளைகள் நீலத்தோடு வரிசையில் வந்து நின்றதும் மனேஜரின் முகம் சிவந்தது. நேரே நடுவரிடம் போனார். நடுவரும் ஒரு பெண்தான். வரிசையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள்.

"எல்லாருக்கும் ஒரே நிறம்தானே? எனக்குப் பிரச்சினை இல்லை" என்றாள். விசிலை வாயில் வைத்தாள்.

அவ்வளவுதான். காலங்காலமான பாரம்பரியம் முடிய அவ்வளவு நேரம்தான் பிடித்தது.

போட்டியில் அவர்கள் தோற்றார்கள். கடைசியில் ஒரு பெனால்டியால். எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. நான் லூசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் பாதியில் ஒரு ஸ்க்ரம் சரிந்து, அவள் கால் இரண்டும் மேலே போக மல்லாக்க விழுந்தாள், கமெராக்காரனுக்கு நேர் முன்னால். புரண்டு எழும்பினாள். அவள் பின்னால் தட்டவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. பந்து போன பக்கம் ஓடினாள்.

போகும் நாளில் லூசி லோன்றி வாசலில் தலையை நீட்டி, "லிஸ்டில பேர் இருக்கு" என்றாள். பஸ் காத்து நின்றதால் வேறு பேச நேரமில்லை.

5. ஜெனரல் மனேஜரின் அறை

முறைப்பாடு வந்தது. வாடிக்கையாளரின் சொல்லை மீறி நடந்தேனாம். ஜெனரல் மனேஜர் என்னை மேலே கூப்பிட்டார், பக்கத்தில் ராகவன். சாம்பல் துணி போட்ட கதிரையில் என்னை இருத்தினார்கள்.

"இவ்வளவு வருஷ சேவையில உங்களைப் பற்றி ஒரு முறைப்பாடும் இல்லை. ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?" என்று ஜெனரல் மனேஜர் கேட்டார்.

வழமையான பதில்கள் நாக்கு நுனியில் வந்து நின்றன. தவறுதலாக நடந்தது. பெட்டி மாறிவிட்டது. எனக்கு அன்று தலையிடி.

"பிள்ளையளுக்குப் பீரியட்ஸ் வரும். வெள்ளையில தெரியும். பயந்து பயந்து விளையாடினதுகள். ஒரு பிள்ளை விளையாடாமலே இருந்திட்டுது. அதால துவைச்சனான்."

ஜெனரல் மனேஜர் மேசையில் இருந்த பேனாவை எடுத்து மறுபடியும் வைத்தார். ராகவன் நிலத்தைப் பார்த்தார். மேற்கூரை இடிந்து விழவில்லை. எச்சரிக்கை ஒன்று தரவேண்டியிருக்கிறது என்றார் ஜெனரல் மனேஜர், தந்தார், வாங்கிக்கொண்டேன். விளையாட்டு அணிகளின் துணியை இனி வேறு ஒருவர் பார்ப்பார் என்றும் சொன்னார். அந்தக் கோபம் எனக்கு இன்றும் இருக்கிறது. அதை மறைக்கவும் மாட்டேன்.

"அக்கா, அத கொஞ்சம் வேற மாதிரி சொல்லியிருக்கலாமே" என்றார் ராகவன், மெதுவாகத் தமிழில்.

"எப்பிடிச் சேர்? கால் தசைப்பிடிப்பெண்டோ?"

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இரண்டுதான். இரத்தத்துக்குக் குளிர்தண்ணீர். தலையிடி இல்லாவிட்டால் தலையிடி என்று சொல்லாதீர்கள்.

எனக்கு எல்லாம் நின்று சில வருடங்களாகிவிட்டன. ஆனாலும் பழக்கம் விடவில்லை, எங்கே இருந்து எழும்பினாலும் கதிரையைத் திரும்பிப் பார்ப்பேன். அன்று அந்தச் சாம்பல் கதிரையால் எழும்பி, கதவைத் திறந்து, திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தேன்.