மழை வராது என்று சொன்ன அக்கா

தொண்ணூறுகளில் ஒரு பங்குனி மாதம், ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் மோட்டார் மாட்டப் போய் ஒரு வாரம் தங்கினேன். காலையில் வெயில் கொளுத்தும். மத்தியானம் மலை கறுத்துவிடும்.

அங்கே களத்தில் கொப்பரை காயவைக்கும் அக்கா ஒருவர் இருந்தார். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, தலையில் துண்டு. தினமும் மலையைப் பார்த்து நின்று, "இன்னைக்கு மழை வராது" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்வார். முதல் நாள் அதை நம்பித் துணி துவைத்துக் கொடியில் போட்டேன். அரை மணி நேரத்தில் மழை கொட்டியது. அவருடைய கொப்பரை மட்டும் தார்ப்பாய்க்குள் பத்திரமாக இருந்தது.

"ஏனுங்கக்கா, வராதுன்னு சொன்னீங்களே?"

"அது மழைக்குச் சொன்னதுங்க, உங்களுக்கில்லீங்க. என்னைப் பொய்க்காரியாக்கறதுன்னா அதுக்கு அத்தனை குஷி. தென்னை வாடுதுங்களே, வந்து ஊத்தட்டும்னுதான்."

அதற்குப் பிறகு அவர் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டு, அவர் கை தார்ப்பாயை இழுக்கிறதா என்று பார்த்துத் துவைத்தேன்.

கிளம்பும் நாளில், "வாரேனுங்க" என்றேன். அவர் மலைப் பக்கம் திரும்பிக்கொண்டு, "இனி நீங்க வரமாட்டீங்க" என்றார், ஊருக்கே கேட்கும்படி.

மோட்டாரில் ஒரு பழுதும் வரவில்லை. ஆனாலும் அடுத்த பங்குனியில் போய் நின்றேன்.