ஒரே ஒரு கண்ணாடித் தகடு

நமுனுகுல மலைச்சரிவில், நாங்கள் குடியிருந்த லயத்துக்குக் கீழே, எங்களுக்கென்று ஒரு துண்டு நிலம் இருந்தது. தேயிலை வைக்க லாயக்கில்லை என்று தோட்டம் கைவிட்ட இடம். ஐப்பசி மழையில் நானும் மனைவியும் அதில் கேப்பை விதைப்போம். தைப் பனியில் அறுப்போம். எனக்குத் துரை பங்களாவில் வேலை. அவர் எடுக்கும் படங்களை, குளியலறையை இருட்டாக்கி நான்தான் கழுவிக் கொடுப்பேன். புதுப் படப்பெட்டி வாங்கியதும் பழையதை என் தலையில் கட்டினார். கூடவே ஒரே ஒரு கண்ணாடித் தகடு. அதில் ஒரு படம்தான் எடுக்கலாம்.

மனைவி ஊரை விட்டு வந்து ஒன்பது வருடமாகியிருந்தது. திருச்சிப் பக்கத்திலிருந்து மாமியார் எழுதச் சொல்லி அனுப்பும் கடிதங்களில் ஒரே கேள்விதான்: "எம்மக எப்படி இருக்கா?" நல்லா இருக்கா என்று நாங்கள் எழுதியதை அவர் நம்பவே இல்லை. இப்படிக் கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் பட்டினியில் செத்த கதைகளை நிறையக் கேட்டவர். மகளைப் படத்தில் காட்டிவிட்டால் நம்புவார் என்று முடிவு செய்தோம்.

"மத்தியானம் எடுங்க" என்றாள் மனைவி. எனக்குத்தான் வீம்பு. அந்தச் சரிவில் விடியலைப் பார்த்தவனுக்கு மத்தியான வெயிலெல்லாம் ஒரு வெளிச்சமா? காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருட்டோடு போய் முக்காலியை ஊன்றினேன். கிழக்கு சிவந்து, பள்ளத்துப் பனி மெல்ல மேலே கிளம்பியது. இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது. கல்யாணச் சேலையில் அவள் கதிர்களுக்கு நடுவே நின்றாள்.

"வெளிச்சம் கம்மி. பத்து எண்ணுற வரைக்கும் அசையாத. அசைஞ்சா உருவம் விழாது."

"கிளி வர்ற நேரம்ங்க இது."

"வந்தா வரட்டும். அதுக்குள்ள எவ்வளவு தின்னுடும்?"

பெட்டியின் மூடியைத் திறந்து மூன்று எண்ணியிருப்பேன். கிளிக்கூட்டம் இறங்கியது. முந்தானையை வீசிக்கொண்டு அவள் ஓடினாள். விளைந்த கதிரில் கிளி உட்கார்ந்தால் அவளால் சும்மா நிற்க முடியாது என்று எனக்குத் தெரியாதா? கோபத்தில் கத்தினேனே தவிர மூடியைப் போடவில்லை.

கழுவிப் பார்த்தால் விடியல் அப்படியே விழுந்திருந்தது. கதிர்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அவள் நின்ற இடத்தில் புகை மாதிரி ஒரு கறை. இரண்டு நாள் என்னோடு அவள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அதையே அனுப்புங்க, வேற என்ன இருக்கு" என்றாள். வெட்கத்தோடு அனுப்பினேன்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. மாமியார் சொல்லச் சொல்ல யாரோ எழுதியிருந்தார்கள். நான் வாசித்தேன்.

"எனக்குக் கண்ணு போயி ரெண்டு வருசமாச்சு. வருத்தப்படுவீங்கன்னு சொல்லல. படத்துல என்ன இருக்குன்னு கேட்டேன். ஆளு யாரும் தெரியல, கண்ணுக்கு எட்டுன மட்டும் கேப்பை இடுப்பு ஒசரத்துக்கு நிக்குதுன்னாங்க. போதும். எம்மக வயிறாரச் சாப்பிடுறா."

அவள் அழுது முடிக்கும் வரை காத்திருந்தேன். எங்கள் நிலம் மொத்தமே நாலு பாத்தி. அதற்கு அந்தப் பக்கம் படத்தில் தெரிந்ததெல்லாம் தோட்டத்துத் தேயிலை. உள்ளதைச் சொல்லித் திருத்தி எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதாதீங்க" என்றாள்.