இடுப்பில் கட்டிய மல்லிகைச் சரம்

என் வீட்டுக்காரருக்கு வயிற்றுப்போக்கோடு ரத்தமும் போனது. குடல் ரொம்பக் கெட்டிருந்தால் ஆபரேஷன் என்றார் செஞ்சி டாக்டர். இப்போது மாதிரி எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அப்போது ஏது? எக்ஸ்ரேதான். பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினோம். வயிறு வலித்தாலும் எனக்கு மல்லிகை வாங்கித் தர மறக்கவில்லை மனுஷன்.

அங்கே ஆஸ்பத்திரியில் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி மருந்தைக் குடிக்கவைத்து, வெள்ளி அரைஞாண்கொடியைக் கழற்றச் சொன்னார்கள். படத்தில் குடலை மறைக்குமாம்.

"பொணத்துக்குத்தான்டி அர்ணாக்கொடி அறுப்பாங்க! நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்று மல்லுக்கு நின்றார்.

இடுப்பு வெறுமையாக இருக்கக் கூடாது, அவ்வளவுதானே? தலையிலிருந்த சரத்தை அவர் இடுப்பில் கட்டிவிட்டு, பிறகு வெள்ளியைக் கழற்றினேன்.

படத்தைப் பார்த்த டாக்டரம்மா, "குடல்ல புண்ணுதான், மாத்திரையே போதும்" என்றார்.

"பாத்தியாடி, பூவால தப்பிச்சேன்!"

"அப்ப தெனமும் கட்டிக்கய்யா" என்றேன்.