கரியில் புரட்டிய பால்பல்

என் முன்பல் விழுந்த அன்று அதைச் சாணி உருண்டையில் பொதிந்து கூரைமேல் எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. பாவாடை முடிச்சில் ஒளித்துக்கொண்டேன். ஒரு துரையை ஏமாற்ற வேண்டியிருந்தது.

எனக்கு அப்போது ஏழு வயது. மலாயாவில், குளுவாங்குக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். அப்பா அங்கே ஆஸ்பத்திரி டிரஸ்ஸர். அந்த வருஷம் கல்லுக்குள் எலும்பு தேடுகிற துரை ஒருவர் வந்திறங்கினார். அவருக்கு மொழிபெயர்க்க அமர்த்தப்பட்டவர் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா. சிங்கப்பூரில் ஆங்கிலம் படித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். படித்ததை அவரும் மறக்கவில்லை, பிறரையும் மறக்க விடவில்லை.

ஒரு சாயங்காலம் துரையிடம் கேட்டு வாங்கி, பஞ்சு வைத்த பெட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். உள்ளே வெள்ளை மாவில் வார்த்த ஒரு தாடை, என் கட்டைவிரல் நீளம்கூட இல்லை. எங்கோ தூர தேசத்தில் கல்லாகிக் கிடைத்த தாடையின் அச்சு அது என்றார்.

“எத்தனை லட்சம் வருசத்துக்கு முந்துனதுன்னு தொரையே தலையச் சொறியிறாருக்கா. குரங்கு, தேவாங்கு, நாம, எல்லாருக்கும் மூத்த வம்சம். நம்ம பாட்டனுக்குப் பாட்டன்னு வெச்சுக்கயேன்.”

“ஒம் மூஞ்சியப் பாத்தாலே தெரியுதேடா,” என்றாள் அம்மா.

மாமாவும் சிரித்துவிட்டு, தீக்குச்சியால் தொட்டுக் காட்டினார். “இந்தப் பல்லு பாரு, இன்னும் எலும்புக்குள்ளயே இருக்கு. வெளிய வரவே இல்ல. குட்டியிலயே செத்துருச்சு.”

அம்மாவின் சிரிப்பு நின்றது. தாடையை வாங்கிச் சுண்டுவிரலை அதன்மேல் வைத்தாள். கடைசிப் பல்லைத் தாண்டி முன்னும் பின்னுமாக மெல்ல ஓட்டினாள். பிறகு கேட்டாள், “எங்கடா தோண்டப் போறீங்க?”

“ஆத்து வளைவுல, மூங்கிலுக்குக் கீழ.”

அங்கேதான் தம்பி இருந்தான். முந்தின மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து எட்டாவது மாசத்தில் போய்விட்டான். பச்சைப்பிள்ளையை எரிக்கிற வழக்கம் எங்களில் இல்லை. புதைப்பார்கள், கல் நாட்ட மாட்டார்கள். அம்மா ஊன்றிவைத்த செம்பருத்திக் குச்சியையும் வெள்ளம் கொண்டுபோயிருந்தது. இடம் எங்கள் வீட்டாருக்கு மட்டுமே தெரியும். சிங்கப்பூரில் இருந்த மாமாவுக்கு அன்று அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

“வேற எடம் பாக்கச் சொல்லுடா.”

“அலமாக்! வேலைக்குச் சேந்து நாலு நாளுதான்கா ஆவுது. அந்தக் களிமண்ணுல எலையெல்லாம் அச்சு விழுந்து கெடக்காம். அந்த எடந்தான் வேணும்ங்கறாரு. தோட்டத்துத் தொரையும் உத்தரவு குடுத்தாச்சு. நான் எந்த வாயால சொல்ல?”

அன்றிரவு அம்மா எங்களுக்குச் சோறு போட்டாள், தான் உட்காரவில்லை.

மறுநாள் காலை மூங்கிலடியில் முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டினார்கள். அதே காலையில் என் பல்லும் விழுந்தது. இவர்களுக்கு வேண்டியது ஒரு பல். என்னிடம் ஒன்று இருந்தது. பழசாகத் தெரிய அடுப்புக்கரியில் புரட்டி, ஆற்றின் மேல்பக்கம் மணல்கரையில் பாதி வெளியே தெரியும்படி புதைத்துவிட்டு ஓடினேன்.

“மாமா, அங்க கல்லுப்பல்லு!”

மாமா பாய்ந்து வந்தார். துரை நிதானமாக மண்டியிட்டுப் பல்லை எடுத்துக் கைக்குட்டையில் துடைத்தார். கைக்குட்டை கறுத்தது, பல் வெளுத்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தார். பிறகு என் வாயைப் பார்த்தார். நான் உதட்டை இறுக மூடிக்கொண்டேன்.

“மருமவளே, வாயத் தொற.”

திறந்தேன். கயிறு பிடித்திருந்த ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை. ஏதோ கேட்டார், மாமா தமிழில் சொன்னார்: “அங்க தோண்ட வேணாம், இங்க தோண்டட்டும்னு ஏன் நெனச்சேன்னு கேக்குறாரு.”

“அங்க எங்க தம்பி இருக்கில்ல?”

மாமா அதை உடனே மொழிபெயர்க்கவில்லை. அவர் ஆங்கிலம் தீர்ந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். ஆற்றைப் பார்த்தபடி நின்று, கடைசியில் இரண்டே வார்த்தை சொன்னார். துரை எழுந்து மூங்கிலடிக்குப் போய், ஆட்களைக் கூப்பிடாமல், முளைக்குச்சிகளை ஒவ்வொன்றாகத் தாமே பிடுங்கினார். என் பல்லைக் காகிதத்தில் மடித்து என்னிடமே கொடுத்தார். மணல்கரையில், என் பல் கிடந்த இடத்தில், இரண்டு நாள் தோண்டிச் சலித்தார். ஒன்றும் கிடைக்காமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

பல்லைத் தாமதமாகத்தான் கூரைக்கு அனுப்பினோம். சாணி உருட்டும்போது அம்மா, “என்னடி இது, இடுக்குல கரியா இருக்கு?” என்றாள். பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. உருண்டையை என் கையில் தராமல் தானே எறிந்தாள்.

துரையை ஜெயித்துவிட்டதாகவே வெகுகாலம் நம்பினேன். இப்போது நானும் அந்தப் படிப்புப் பைத்தியம் பிடித்து, கிடைக்கிற புத்தகத்தையெல்லாம் புரட்டுகிறேன். ஆற்றுமணல் புரண்டு ஓடுவது. அத்தனை சிறிய எலும்பு அதில் தங்குவது அபூர்வம். இலை அச்சு விழுகிற களிமண்ணில்தான் அது தங்கும். நான் காட்டிய இடத்தில் எதுவும் இராது என்று தெரிந்தேதான் அவர் இரண்டு நாள் சலித்திருக்கிறார். உண்மையைச் சொன்னால், மூங்கிலடிக் கரையில் என்ன இருக்கிறது என்று என் கை இன்றும் துறுதுறுக்கிறது. போய் நிற்கிறேன், திரும்பி வந்துவிடுகிறேன்.

அம்மாவின் சுண்டுவிரலும் அன்று எனக்கு விளங்கவில்லை. மாவு கையில் ஒட்டுகிறதா என்று பார்க்கிறாள் என நினைத்தேன். தம்பி இருந்தவரை, குளிப்பாட்டித் துவட்டியதும் அதே விரலைத்தான் அவன் கீழ் ஈறில் வைத்து முன்னும் பின்னுமாக ஓட்டுவாள். “இன்னும் இல்ல,” என்பாள் எங்களிடம். “நாளைக்கு வந்துரும்.”