காற்றில் கிளப்ப மாட்டேன்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்துக்கொண்டிருந்தவள் நான். மகளிர் குழு மூலம் மருந்தடிக்கும் ட்ரோன் ஓட்டப் பயிற்சி கிடைத்ததும் கம்பெனியை விட்டேன். பேட்டரி மாற்றவும் மருந்து கலக்கவும் என் வீட்டுக்காரரின் அக்கா என்னோடு வந்தார்; அண்ணி என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். பேரணாம்பட்டைச் சுற்றிய ஊர்களில் நெல்லுக்கும் வேர்க்கடலைக்கும் அடித்தோம்.

ட்ரோன் விழுந்தது ஓர் ஆடி மாதம். நெல் வயல். நிலத்துக்காரர், "வெயில்ல எதுக்கும்மா நிக்கற? மோட்டார் கொட்டா ஓரமா வெச்சிக் கிளப்பு" என்றார். கொட்டகைச் சுவர் மறைத்ததால் கீழே காற்றே தெரியவில்லை. டேங்க் நிறைய மருந்தோடு கிளப்பினேன். கூரையைத் தாண்டியதும் மலைப் பக்கத்திலிருந்து வந்த காற்று பக்கவாட்டில் அறைந்தது. ட்ரோனை எதிர்ப்பக்கம் திருப்ப முயன்றேன். அந்தப் பாரத்தோடு அது கேட்கவில்லை. வேப்பமரக் கிளையில் இறக்கை மாட்டி வரப்பில் தலைகுப்புற விழுந்தது. மருந்து அண்ணியின் புடவையெல்லாம் தெறித்தது. ட்ரோனை அப்படியே போட்டுவிட்டு அவரை இழுத்துக்கொண்டு போய்ப் பம்புசெட் தண்ணீரில் நிறுத்தினேன்.

அடிபட்டதா என்று நிலத்துக்காரர் கேட்கவில்லை. "பொம்பள கையில குடுத்தா இப்டிதான் ஆவும்" என்றார்.

ட்ரோனை ரிப்பேர் பார்க்க வீட்டுக்கு வந்தவரும் அதையேதான் மரியாதையாகச் சொன்னார். "உங்களுக்குக் கை பழகலம்மா. வீட்டுக்காரர அனுப்புங்க, கத்துக் குடுக்கறோம்."

"காத்து எந்தப் பக்கம் அடிச்சிதுன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா சார்?" என்றேன். அவர் சிரித்தார்.

தோல் பதனிடும் ஷாப்பில் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்த என் வீட்டுக்காரர் வாசலில் நின்றபடியே சொன்னார்: "எனுக்கு எதுக்கு சார் அது? அண்ணாந்து பாத்தாலே தல சுத்துது. அவளே ஓட்டுவா."

ரிப்பேர் முடிந்து வந்ததும், சுவரோ மரமோ இல்லாத திறந்த இடத்தில்தான் கிளப்புவது என்று வைத்துக்கொண்டேன். ஒரு மூங்கில் கழியின் நுனியில் ஷூ லைனிங் துணியைக் கிழித்துக் கட்டினேன். துணி படபடவென்று படுக்கையாக நீட்டிக்கொண்டு நின்றால் ட்ரோன் தரையிலேயே இருக்கும்.

அடுத்த போகத்தில் ஒரு வேர்க்கடலைக் கொல்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே துணி நீட்டிக்கொண்டு நின்றது.

"இன்னாம்மா, கிளப்பலியா?" என்றார் கொல்லைக்காரர்.

"காத்து ஜாஸ்தியா கீதுண்ணா. சாயங்காலம் அடங்கட்டும், அடிக்கறேன்."

"இதெல்லாம் ஒரு காத்தா? பயமா இருந்தா ஊட்ல இருக்கறதுதானே?"

"பயந்தான். அதுக்காக ஊட்ல இருக்க மாட்டேன். காத்துல கிளப்பவும் மாட்டேன்."

அவர் ட்ரோன் ஓட்டும் வேறொரு ஆளுக்குப் போன் போட்டார். அந்த ஆள் தன் ட்ரோனைப் பைக்கில் கட்டிக்கொண்டு வந்து இறங்கி, கழியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதே காற்றில் கிளப்பினான். ட்ரோன் ஒருபக்கமாகச் சாய்ந்து தள்ளாடியது, பிறகு நேராகி மேலே போய்விட்டது. கொல்லை முழுக்க அடித்து முடித்தான். விழவில்லை. கொல்லைக்காரர் என்னைப் பார்த்து, "பாத்தியா? இன்னா ஆயிப்போச்சி?" என்றார்.

பேட்டரிகளை ஆட்டோவில் ஏற்றினேன். வழியில் அண்ணி கேட்டார், "நாமளும் கிளப்பியிருக்கலாமோடி?"

"அவனுக்கு விழல அண்ணி. அத வெச்சி நான் கிளப்ப முடியாது."

அந்த ஊரில் அப்புறம் யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. 'காத்துக்காரி' என்று பெயர் வைத்தார்கள். கேலிதான். வைத்துக்கொள்ளட்டும். விடிந்ததும் வந்து வெயில் ஏறுமுன் அடித்துக் கொடுக்கிறவள் என்று வேறு ஊர்களில் கூப்பிட ஆரம்பித்தார்கள். போன வருடம் அண்ணியும் பயிற்சி முடித்தார்.

சில வாரங்களுக்கு முன் ஒரு கரும்புத் தோட்டம். காலையில் மூன்று தோட்டம் முடித்திருந்தோம், இது ஒன்றுதான் பாக்கி. காற்று குறுக்கே எழ ஆரம்பித்திருந்தது. "சீக்கிரம் கிளப்புங்க அண்ணி, இது ஒண்ணு முடிச்சிட்டுப் போய்டலாம்" என்றேன்.

ரிமோட்டைக் கையில் வைத்திருந்த அண்ணி அசையவில்லை. "மாட்டேன்."

"கொஞ்சமாத்தான அடிக்குது?"

"மாட்டேன்னா மாட்டேன். நீ சொன்னாலும் கிளப்ப மாட்டேன்டி."

எனக்குக் கோபம் வந்தது. தோட்டக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணி ரிமோட்டை அணைத்துவிட்டு, வரப்பில் உட்கார்ந்து, சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார்.