கூரையில்லாத காரை மழையில் தள்ளியவர்களுக்கு

இந்த நினைவு மலரில் காரைப் பற்றி ஒரு வரியும் வரக்கூடாது என்று எங்களுக்குச் சித்தப்பா முறையான ஒருவர் தொலைபேசியில் சொன்னார். "செத்தவீட்டு மலரில காரோ பிள்ளை? அவற்ர குணத்தை எழுது" என்றார். சரி, அண்ணாவின் குணத்தையே எழுதுகிறேன். அது அந்தக் காரில்தான் இருந்தது.

அண்ணா சாவகச்சேரியில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். படிப்பை இடையில் விட்டுக் கொழும்பில் மோட்டார் உதிரிப்பாகக் கடையொன்றில் வேலைக்கு நின்றார். பின் சிட்னிக்கு வந்து, பென்டில் ஹில்லில் வீடெடுத்து, பாண் சுடும் தொழிற்சாலையில் ஓய்வில்லாமல் உழைத்து என்னை அழைத்துக் கரைசேர்த்தார். விமான நிலையத்திலிருந்து நேரே அவர் வீட்டுக்கு வந்து மாதக்கணக்கில் தங்கிய உறவினர்கள் யார் யாரென்று அவரவருக்குத் தெரியும். ஒருவரிடமும் அவர் முகம் சுளித்ததில்லை.

2009இல் வன்னியில் எங்கள் தம்பியை இழந்தோம். உடலைக்கூடக் காணவில்லை. அண்ணா பேச்சையும் சாப்பாட்டையும் விட்டார். அந்த வருடக் கடைசியில் அவர் வீட்டு வாசலில் பெரிய மரப்பெட்டிகள் வந்து இறங்கின. உள்ளே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் துண்டு துண்டாக இருந்தது: இரும்புச் சட்டம், ஃபைபர் உடல், சில்லுகள். எஞ்சினைப் பழைய கார் உடைக்கும் இடத்தில் தேடி எடுத்தார். "கை சும்மா இருந்தா எனக்கு விசர் பிடிச்சிடும் பிள்ளை" என்று என்னிடம் சொன்னார்.

சனத்துக்கு அது விளங்கவில்லை. "நாடு சுடுகாடாக் கிடக்கு, இவருக்கு ஸ்போர்ட்ஸ் கார் கேக்குது" என்று கோயில் வாசலில் நின்று வாய் கூசாமல் கதைத்தார்கள். அவர் காரைப் பூட்டிய கராஜின் சுவரில் தம்பியின் படம் தொங்கியதை அவர்களில் ஒருவராவது வந்து பார்த்ததுண்டா?

ஞாயிறு காலைகளில் அண்ணியும் கூட நிற்பார். பிறேக் குழாயில் காற்று இருந்தால் பிறேக் பிடிக்காது. அதை வெளியேற்ற ஒருவர் உள்ளேயிருந்து மிதிக்க, மற்றவர் கீழே படுத்துத் திருகாணியைத் திறந்து மூட வேண்டும்.

"மிதியும்" என்பார் அண்ணா.

"மிதிச்சுக்கொண்டுதான் இருக்கிறன். கால் கடுக்குது. தேத்தண்ணி போட ஆர் இருக்கினம்?"

"முடியட்டும், நான் போடுறன். இப்ப விடும்."

தம்பி போன பிறகு அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டது கராஜில்தான்.

2013இல் கார் முடிந்தது. வீதியில் ஓட்ட அனுமதி பெறுவதற்கான பரிசோதனை மட்டும்தான் மிச்சம். அதற்குள் ஒரு காலை, வேலைக்குப் போகும் வழியில், ரயில் நிலையத்தில் அண்ணா விழுந்தார். மாரடைப்பு. "அந்தக் கார்தான் ஆளைக் கொண்டுபோனது" என்று சிலர் இப்போதும் சொல்லித் திரிகிறார்கள். அந்தக் கார் ஒரு நாளும் வீதியில் ஏறியதில்லை.

துக்க வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. உறவினர்கள் சமைத்துக் கொண்டு வந்தார்கள். அதைப் பரிமாறவும் கதிரைகள் போடவும் இடம் வேண்டுமென்று நாலைந்து பேர் கராஜிலிருந்த காரைத் தள்ளி வெளியே விட்டார்கள். அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வானம் இருட்டிக்கொண்டு நின்றது.

"அதுக்குக் கூரை இல்லை. நனைஞ்சா வயரெல்லாம் பழுதாப்போடும்" என்று கத்தினேன்.

"காரெண்டா மழையில நிக்கும்தானே பிள்ளை. நனைஞ்சா காயும்" என்றார் அந்தச் சித்தப்பா.

மழை கொட்டியது. அண்ணாவின் கார் குளமாக நிறைய, அவருடைய கராஜுக்குள் இருந்து எல்லோரும் சோறு சாப்பிட்டார்கள். பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர்தான் தார்ப்பாயோடு ஓடி வந்தார்.

அடுத்த கிழமை அதே சித்தப்பா வந்தார். "வயரும் பழுது. கண்ணுக்கு முன்னால நிண்டா உங்களுக்கும் துக்கம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிய ஆருக்கும் வித்துவிடுவம்" என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

அண்ணி எழும்பினார். "அவர் கட்டின கார் எண்டு எல்லாரும் கதைக்கிறியள். நானும் சேர்ந்து கட்டினனான். என்ர காரை விக்க நீங்கள் ஆர்?"

சித்தப்பா தேத்தண்ணியைக் குடிக்காமலே போய்விட்டார்.

உணவு சமைத்துத் தந்தவர்களுக்கும், ஈமக்கிரியைகளைச் செய்து வைத்த ஐயாவுக்கும், அண்ணியோடு இரவும் பகலும் இருந்தவர்களுக்கும், தார்ப்பாய் கொண்டுவந்த அயலவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. காரைத் தள்ளியவர்களின் பெயர்களையும் இந்த நன்றியில் சேர்க்கச் சொந்தக்காரர் சிலர் சொன்னார்கள். நான் சேர்க்கவில்லை.

வயர்களை மாற்றும் வேலை தொடங்கிவிட்டது. அனுமதி கிடைத்ததும் அண்ணிதான் ஓட்டுவார். அந்தக் காரில் இருக்கைகள் இரண்டுதான். மற்றதில் நான் இருப்பேன். வேறு யாருக்கும் இடமில்லை.

ஆறாத் துயருடன்,
தங்கை